முதலில் கால்விரலை எண்ணுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பழங்காலப் பாலூட்டிப் பொம்மைகள்

மேமத், வாள்பல் பூனை, டெய்னோதீரியம் என்று அழிந்துபோன பாலூட்டிகளின் சிறு உருவங்களைச் சேர்ப்பது குறித்து, சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் காசைச் சேர்த்து வைத்திருக்கிறேன். டைனோசர் பொம்மைகள் நிறைய இருக்கின்றன. இனிப் பாலூட்டிகள் வாங்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?
– படிவம் இரண்டு மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காமல் ஒரு வம்சத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்கு மிகவும் பொருத்தமானது யானை வம்சம். நாலே உருவத்தில் அதன் கதை முழுவதும் தெரிந்துவிடும். முதலில் உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த மேமத். அடுத்து, தந்தங்கள் கீழ்த்தாடையிலிருந்து கொக்கி போலக் கீழ்நோக்கி வளைந்த டெய்னோதீரியம். பிறகு கீழ்த்தாடை மண்வெட்டிபோல் நீண்ட அமெபெலோடான். கடைசியாக, ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய ஆசிய யானை ஒன்று. நான்கையும் வரிசையாக நிறுத்தினால் தந்தமும் தாடையும் எப்படி எப்படியெல்லாம் மாறியிருக்கின்றன என்று வீட்டுக்கு வருகிற யாருக்கும் உடனே புரியும்.

கலெக்டா, சஃபாரி, மோஜோ, பிரான்சின் பாப்போ, ஜெர்மனியின் ஷ்லைக் ஆகிய நிறுவனங்களின் உருவங்கள் இங்கே ஓரளவு சுலபமாகக் கிடைக்கும். ஸ்பெயினின் இயோஃபவுனா வெளியிடுவது குறைவு. ஆனால் யானை வம்சத்தை அவர்கள் அளவுக்கு எலும்புக் கணக்கோடு செய்பவர்கள் அரிது. நேர்த்தந்த யானை என்ற அழிந்துபோன யானையை அவர்கள் 1:35 அளவில், அதாவது உண்மை உருவத்தின் 35இல் ஒரு பங்காக, வெளியிட்டிருக்கிறார்கள். காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அதையே வாங்குங்கள்.

வாங்குமுன் பொம்மையைத் திருப்பி வயிற்றையோ உள்ளங்காலையோ பாருங்கள். நல்ல நிறுவனங்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் அச்சிலேயே பதித்திருக்கும். பலவற்றில் விலங்கின் பெயரும் இருக்கும். "சைனா" என்ற சொல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் வேறொருவரின் உருவத்தைப் பார்த்து வார்த்த நகல். நகல் எடுக்கும்போது உருவம் சற்றுச் சுருங்கும். தோலின் மடிப்பும் ரோமத்தின் கோடுகளும் மழுங்கிப்போகும். காசை மிச்சப்படுத்த நகல் வாங்கினால் நீங்கள் இழப்பது அந்த நுணுக்கத்தைத்தான்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பொட்டலம் வாங்கினேன். மேலே "டைனோசர், 12" என்று போட்டிருக்கிறது. உள்ளே மேமத் ஒன்றும், முதுகில் பாய்மரம்போல் விசிறி உள்ள ஒன்றும் இருக்கின்றன. இவை டைனோசர்தானா?
– இல்லத்தரசி, செம்பனைத் தோட்டக் குடியிருப்பு

பதில்: இரண்டுமே டைனோசர் இல்லை அம்மா. முதுகில் விசிறி உள்ளது டைமெட்ரோடான். முதல் டைனோசர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அது அழிந்துவிட்டது. பார்க்கப் பல்லிபோல் இருந்தாலும், பாலூட்டிகள் கிளைத்த பெருங்கிளையைச் சேர்ந்தது. டைனோசருக்கு இருப்பதைவிட நமக்குத்தான் அது நெருங்கிய உறவு. ஆகவே பாலூட்டி அலமாரியின் முதல் தட்டில், "முன்னோரின் உறவு" என்று எழுதி அதை வைப்பது முறையே. மேமத்தை எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என்னிடம் உள்ள வாள்பல் பூனை மேமத்தின் தோள்வரை நிற்கிறது. உண்மையிலும் அப்படித்தானா? அளவு சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– லாரி ஓட்டுநர், கோலகங்சார் சாலை

பதில்: உண்மையில் அப்படி இல்லை. மேமத்தின் பாதித் தோளைக்கூட அந்தப் பூனை எட்டாது. நிறுவனங்கள் ஒரே அளவுப் பெட்டியில் அடங்குமாறு சிறியதைப் பெரிதாக்கியும் பெரியதைச் சிறிதாக்கியும் விடுவதால் வருவது இது.

கணக்கு சுலபம். விலங்கின் தோள் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, பொம்மையின் தோள் உயரத்தால் வகுத்தால் அளவு கிடைக்கும். தலையின் உச்சியிலிருந்து அளக்காதீர்கள். ஒரு பொம்மை தலையைத் தூக்கியிருக்கும், இன்னொன்று குனிந்திருக்கும். கணக்கு தவறிவிடும். பொம்மையை ஒரு பெட்டியின் பக்கத்தில் நிறுத்தி, முன்னங்காலுக்கு நேர்மேலே முதுகுத் திமிலைத் தொடுமாறு ஓர் அட்டையைக் கிடையாகப் பிடித்து, தரையிலிருந்து அட்டைவரை அளந்துகொள்ளுங்கள்.

ரோம மேமத்தின் தோள் உயரம் சுமார் 300 செ.மீ. தென் அமெரிக்காவின் ஸ்மைலோடான் பாப்புலேட்டர், அதாவது வாள்பல் பூனைகளில் மிகப் பெரியது, சுமார் 120 செ.மீ. உங்கள் மேமத் 12 செ.மீ. என்றால் அது 1:25. பூனை 8 செ.மீ. என்றால் அது 1:15. இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாதவை. 1:20 அலமாரி ஒன்று அமைக்க விரும்பினால் மேமத் 15 செ.மீ., ஸ்மைலோடான் 6 செ.மீ., தோள் 210 செ.மீ. உள்ள பெருங்கொம்பு மான் மெகாலோசெரஸ் பத்தரை செ.மீ. இருக்க வேண்டும். கொம்பில்லாக் காண்டாமிருக வகையான பாராசெராதீரியத்துக்குத் தோளே 480 செ.மீ. என்பதால் 1:20இல் அது 24 செ.மீ. வரும். அலமாரித் தட்டின் இடைவெளியை அதற்கேற்ப முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கும் தலைக்கும் இன்னும் இடம் தேவை. கலெக்டாவின் டீலக்ஸ் வரிசைப் பாலூட்டிகள் பெரும்பாலும் 1:20 என்று குறித்தே வருவதால், அதை அடிப்படையாக வைத்து மற்றவற்றைப் பொறுக்குவது நல்லது.

ஒவ்வொரு தட்டிலும் அட்டையில் வெட்டிய மனித உருவம் ஒன்றை நிறுத்துங்கள். 165 செ.மீ. மனிதர் 1:20இல் எட்டேகால் செ.மீ.; 1:35இல் 4.7 செ.மீ. பார்ப்பவருக்கு எண் எதையும் சொல்ல வேண்டியிராது.

கேள்வி: "வாள்பல் புலி" என்று எழுதலாமா, "வாள்பல் பூனை" என்றா?
– அதே ஓட்டுநர்

பதில்: பூனை. ஸ்மைலோடான் பூனைக் குடும்பத்தின் தனிக் கிளை. புலிக்கு அது எவ்வளவு தூரத்து உறவோ, வீட்டுப் பூனைக்கும் அவ்வளவு தூரத்து உறவுதான். பொம்மையில் பார்க்க வேண்டியது வால். ஸ்மைலோடானுக்கு வால் குட்டை. புலிபோல் நீண்டு தொங்கும் வால் வைத்திருந்தால், அது புலி அச்சில் பல்லை மட்டும் ஒட்டிய பொம்மை. கோரைப்பல் வேரோடு சேர்த்து சுமார் 28 செ.மீ. வரை இருந்தது. வெளியே தெரிவது அதைவிடக் குறைவு. 1:20 பொம்மையில் பல் ஒரு செ.மீ.க்கு மேல் நீண்டால் மிகையாக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: பொம்மைகள் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகின்றன. சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கிறது. தகரக் கூரை வீடு. என்ன செய்வது?
– தோட்ட அலுவலகக் குமாஸ்தா. இதையே கேட்ட இன்னும் நால்வர்

பதில்: நம் ஊரில் சேகரிப்பைக் கெடுப்பது திருட்டும் உடைசலும் அல்ல, சூடும் ஈரமும்தான். உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

பிசுபிசுப்பை முதலில் பார்ப்போம். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பானது. வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற மென்மையூட்டி ஒன்றை அதில் கலக்கிறார்கள். வெப்பம் ஏற ஏற அந்த மென்மையூட்டி உள்ளிருந்து கசிந்து மேலே வரும். கையில் ஒட்டுவது அதுதான். அழுக்கு என்று நினைத்துத் தின்னரோ பெட்ரோலோ தடவினால் வண்ணமும் போய்விடும், பிவிசியும் இளகிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான நீர் ஒரு குவளை, மென்மையான பல் துலக்கி ஆகியவை போதும். மெதுவாகத் தேய்த்து, குழாய் நீரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். அதன்பின் வாசனையில்லாத டால்கம் பவுடரைப் பஞ்சில் தொட்டு மிக இலேசாகத் தட்டித் துடைத்துவிடலாம். இது நிரந்தரத் தீர்வு அல்ல. சூடு குறையாவிட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடியும் கசியும்.

எனவே இடத்தை மாற்றுங்கள். பிற்பகல் வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் அலமாரி வேண்டாம். கூரைக்கு நெருக்கமாக உயரத்தட்டில் வேண்டாம். சுவருக்கும் அலமாரிக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். உள்ளே விளக்கு போட வேண்டுமானால் சூடு குறைந்த எல்இடி மட்டும். காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவது எல்லாவற்றிலும் மோசம். மூடிய காருக்குள் வெயிலில் ஏறும் சூடு காலை வளைக்கப் போதும்.

பொம்மையைச் செய்தித்தாளிலோ துணியிலோ சுற்றி வைக்காதீர்கள். அவை மென்மையூட்டியை உறிஞ்சும். இழையும் அச்சு மையும் உடலில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிபோல் தெளிவான, தட்டினால் நொறுங்கும் பாலிஸ்டைரீன் பெட்டியும் வேண்டாம். மென்மையூட்டி அந்தப் பெட்டியையே இளக்கி, பொம்மையின் பாதம் அதில் பதிந்து ஒட்டிவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிபுரொப்பிலீன் பெட்டி நல்லது. அதிலும் பொம்மைகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். இரண்டு நிறங்கள் நெருங்கியிருந்தால் கறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும், அது பிறகு போகாது.

இனிப் பூஞ்சை. பூஞ்சை பிவிசியை விட அதன்மேல் உள்ள கை எண்ணெயிலும் தூசியிலும்தான் முதலில் வளர்கிறது. வெளியில் எடுத்துப் போய், மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த துலக்கியால் தட்டிவிட்டு, மேலே சொன்ன சோப்பு நீரில் கழுவுங்கள். அப்படியும் போகாவிட்டால் 70 சதவீத ஐசோபுரொப்பில் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முதலில் வயிற்றுப் பக்கம் சின்ன இடத்தில் சோதியுங்கள். பஞ்சில் வண்ணம் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். பொம்மையின் உள்ளே ஊறிப்போன கரும்புள்ளி எதற்கும் போகாது. அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் பூசி மறைக்கலாம், அவ்வளவுதான்.

ஈரப்பதம் அளக்கும் சிறு கருவி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பிடிமானம் குறையும். மூடிய 20 லிட்டர் பெட்டிக்கு நிறம் மாறும் சிலிக்கா ஜெல் சுமார் 100 கிராம் போடுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்து முடித்துவிட்டன என்று பொருள். அடுப்புப் பெட்டியில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். சூட்டை அதற்கு மேல் ஏற்றினால் நிறம் காட்டும் பொருள் கருகிவிடும். மழைக்காலத்தில் மணிகளை வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெய்னோதீரியத்தின் பின்னங்கால் வளைந்து, பொம்மை பக்கவாட்டில் விழுகிறது. சூடு காட்டி நிமிர்த்தலாம் என்கிறார்கள். எப்படி?
– மோட்டார் பட்டறைத் தொழிலாளர், சுங்கை சிப்புட்

பதில்: நெருப்போ முடி உலர்த்தியோ வேண்டாம் அண்ணே. இரண்டும் ஓரிடத்தை உருக்கி மற்றோரிடத்தைக் குளிராக விட்டுவிடும். வெந்நீர்தான் வழி. நீர் கொதித்துக்கொண்டிருக்கக் கூடாது. கொதிநீரில் போட்டால் வண்ணம் செதிள் செதிளாக எழும்பும். மூன்று குவளை கொதிநீரோடு ஒரு குவளை குழாய்நீர் கலந்தால் நம் ஊர்த் தட்பவெப்பத்தில் ஏறத்தாழ 80 டிகிரி வரும். பிவிசி இளகுவதற்கு அது போதும்.

வளைந்த காலை மட்டும் அதில் முக்குங்கள். வாள்பல் பூனை போன்ற மெல்லிய காலுக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம். யானைக் காலுக்கு இரண்டு முதல் மூன்று நிமிடம். பெட்டிக்குள் நெருக்கி அடைத்ததால் வளைந்த கால் என்றால், சூடேறியதும் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அச்சில் வார்த்தபோது இருந்த நிலையை பிவிசி மறப்பதில்லை. திரும்பாவிட்டால், தடித்த துணி பிடித்து, நேராக இருக்க வேண்டியதைவிடச் சற்றே அதிகமாக எதிர்ப்பக்கம் வளைத்து, உடனே ஐஸ் நீரில் ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். நிமிர்ந்ததும் கையை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெளித்தோல் ஆறியிருக்கும், உள்ளே இன்னும் இளகியிருக்கும். கால் மெல்ல மெல்லப் பழையபடி சாயும்.

பெரிய உருவங்கள் பல உள்ளே கூடானவை. உடலை முழுக்க முக்கினால் இணைப்புக் கோட்டின் வழியாக நீர் உள்ளே போய்த் தேங்கி, சில நாளில் நாற்றமெடுக்கும். குலுக்கிப் பார்த்து நீர்ச் சத்தம் கேட்டால் ஓட்டை கீழே இருக்குமாறு இரண்டு நாள் கவிழ்த்து வையுங்கள். சிறுவர்கள் இதைச் செய்வதாக இருந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நொறுங்கும் வகை விறைப்புப் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்டார்லக்ஸ் போன்ற பழைய பிரெஞ்சு உருவங்களுக்கு வெந்நீர் வைத்தியம் கூடவே கூடாது.

டெய்னோதீரியம், பாராசெராதீரியம் போன்றவை உடல் எடையால் மறுபடியும் சாயும். அதற்குக் காலுக்குள் கம்பி தேவை. சைக்கிள் சக்கரக் கம்பி 2 மி.மீ. தடிமன்தான். துருப்பிடிக்காத கம்பியாகப் பார்த்து எடுங்கள். பொம்மையின் உள்ளங்காலிலிருந்து மேல்நோக்கி 3 செ.மீ. ஆழத்துக்கு 2 மி.மீ. துரப்பண முனையால் துளையிடுங்கள். கையால் சுழற்றும் துரப்பணமே சிறந்தது. பட்டறையில் உள்ள மின் துரப்பணத்தை ஓட்டினால் பிவிசி உருகி முனையைச் சுற்றிக்கொள்ளும், துளை கோணலாகும். கம்பியின் முனையை அரத்தால் சற்றே சொரசொரப்பாக்கி, சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு உள்ளே செலுத்துங்கள். மழை நாளில் இதைச் செய்யாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தப் பசையின் ஆவி பொம்மைமேல் வெண்ணிறத் தூளாகப் படியும். படிந்தால் சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துச் சோப்பு நீரில் கழுவுங்கள், ஓரளவு மறையும்.

கேள்வி: ஆண்ட்ரூசார்க்கஸ் என்று இரண்டு நிறுவனப் பொம்மைகள் பார்த்தேன். ஒன்று ஓநாய்போல், மற்றொன்று பன்றிபோல் இருக்கிறது. எதை வாங்குவது?
– கல்லூரி மாணவி, ஈப்போ

பதில்: பன்றி முகம் உள்ளதை வாங்குங்கள். ஆனால் இரண்டிலும் கழுத்துக்குக் கீழே உள்ளது எல்லாம் ஊகம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இந்த விலங்கைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது ஒரே ஒரு மண்டையோடு. கீழ்த்தாடை இல்லை. 1923இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வுப் பயணத்தில், கான் சுவென் பாவ் என்பவர் அதை உள் மங்கோலியாவில் கண்டெடுத்தார். மண்டையோட்டின் நீளமே 83 செ.மீ. அடுத்த ஆண்டு ஹென்றி ஆஸ்போர்ன் அதற்குப் பெயர் சூட்டினார். பயணத்தின் தலைவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் என்பதால் அந்தப் பெயர். அதன் பற்களைப் பார்த்து, குளம்புள்ள ஊனுண்ணிகளின் பழைய குடும்பம் ஒன்றில் அதைச் சேர்த்ததால், ஓநாய்க்குக் குளம்பு வைத்ததுபோல் பல பத்தாண்டுகள் வரைந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அதை என்டெலோடான் எனப்படும் பன்றியொத்த விலங்குகளுக்கும், நீர்யானைக்கும், திமிங்கிலத்துக்கும் உறவான வட்டத்துக்குள் கொண்டுவந்தன. ஓநாய் உடலைப் பார்த்தால் அது பழைய கருத்தைப் பின்பற்றிய பொம்மை என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சேகரிப்பில் எந்தப் பொம்மையையும் மதிப்பிட நாங்கள் முதலில் பார்ப்பது வண்ணத்தை அல்ல, கால்விரலை. வண்ணம் சிற்பியின் கற்பனை. விரல் எலும்பில் எழுதியது. என்டெலோடான் வகையான டயோடானுக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டே விரல். மூக்கில் கவைபோன்ற கொம்புள்ள மெகாசெரப்ஸுக்கு முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் மூன்று. பாராசெராதீரியத்துக்கும் ரோமக் காண்டாமிருகத்துக்கும் மூன்று மூன்று. மோரோபஸ் குதிரையின் தூரத்து உறவு என்றாலும் குளம்பு இல்லை. பெரிய நகங்கள் இருக்க வேண்டும். கடையில் இரண்டு நிமிடத்தில் எண்ணிவிடலாம். விரலைச் சரியாகச் செய்த சிற்பி மற்ற இடங்களிலும் எலும்பைப் பார்த்திருப்பார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

இதேபோல் தென் அமெரிக்கக் குளம்பு விலங்கான மக்ரௌச்சீனியாவின் தும்பிக்கையையும், காண்டாமிருக வகையான எலாஸ்மோதீரியத்தின் நீண்ட ஒற்றைக் கொம்பையும் சந்தேகத்தோடு பாருங்கள். முதலாவதன் மண்டையோட்டில் மூக்குத்துளை மேலே இருப்பதை வைத்தே தும்பிக்கை ஊகித்தார்கள். அது தும்பிக்கை அல்ல, மூஸ் மானுடையதைப் போன்ற சதைப்பற்றான மூக்காக இருக்கலாம் என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது. எலாஸ்மோதீரியத்தின் நெற்றியில் எலும்புப் புடைப்பு இருக்கிறது. கொம்பு எவ்வளவு நீளம் என்பதற்குச் சான்று இல்லை. இப்படிப்பட்ட பொம்மைகளை ஒதுக்க வேண்டாம். அடியில் வைக்கும் அட்டையில் எது எலும்பால் தெரிந்தது, எது ஊகம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

கேள்வி: இந்த விலங்குகளில் நம் தெய்வங்களின் பெயர் கொண்டவை உண்டாமே?
– ஓய்வுபெற்ற தோட்ட மண்டோர்

பதில்: உண்டு ஐயா. இமயத்தின் அடிவாரத்தில் உள்ள சிவாலிக் குன்றுகளில் 1830களில் ஹியூ பால்கனரும் புரோபி காட்லியும் ஏராளமான புதைபடிவங்களை எடுத்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரிய விலங்குக்கு 1836இல் சிவாதீரியம் என்று பெயர் வைத்தார்கள். "சிவனின் விலங்கு" என்று பொருள். அதன் உறவான இன்னொன்று பிரமாதீரியம். விஷ்ணுதீரியமும் உண்டு. யானை வம்சத்தில் ஸ்டெகோடான் கணேசா என்ற பெயரைக் கேட்டாலே மனம் நிறையும். சிவாதீரியப் பொம்மை வாங்கினால் தலையில் இரண்டு சோடிக் கொம்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்சோடி அகன்று விரிந்தும், முன்சோடி கண்ணுக்கு மேலே சிறியதாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளிக் கண்காட்சியில் பேராக்கில் வாழ்ந்த பழங்கால விலங்குகளைக் காட்ட விரும்புகிறோம். எவற்றை வைக்கலாம்? ஸ்டெகோடான் பொம்மை எங்கும் கிடைக்கவில்லை.
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: மிக நல்ல எண்ணம் டீச்சர். முதலில் மேமத்தை எடுத்துவிடுங்கள். ரோம மேமத் குளிர்ப் புல்வெளியின் விலங்கு, இங்கே வாழவில்லை. நம் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குகைகளும் ஈயமண் படிவுகளும் வேறு விலங்குகளைக் கொடுத்திருக்கின்றன. ஈப்போ வட்டாரப் படிவுகளில் நீர்யானையும் பலியோலொக்சோடான் என்ற பெரிய யானையும் கிடைத்திருக்கின்றன. கோப்பெங் வட்டாரக் குகை ஒன்றில் ஸ்டெகோடானின் பல்லை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பேராக்கைத் தாண்டிச் சிலாங்கூரையும் சேர்த்தால், பத்துமலைக் குகைகளில் ஒராங் ஊத்தானின் பற்கள் கிடைத்திருக்கின்றன. இன்று அவை தீபகற்பக் காடுகளில் இல்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஆகவே உங்களுக்குத் தேவை இன்றைய நீர்யானை, இன்றைய ஒராங் ஊத்தான், இயோஃபவுனாவின் நேர்த்தந்த யானை, கூடவே ஒரு ஸ்டெகோடான். நேர்த்தந்த யானை நம் நாட்டுப் பலியோலொக்சோடானின் ஐரோப்பிய உறவு என்று அட்டையில் எழுத மறக்காதீர்கள்.

ஸ்டெகோடானை ஆசிய யானைப் பொம்மையிலிருந்து மாணவர்களே செய்யலாம். தோள் 9 செ.மீ. உள்ள ஆண் யானைப் பொம்மை எடுத்தால் ஏறத்தாழ 1:30 அளவு. ஸ்டெகோடான் கணேசாவின் தந்தங்கள் மிக நீளமானவை. ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக வெளிவந்ததால் தும்பிக்கை நடுவில் தொங்க இடமே இல்லாமல், பக்கவாட்டில் வழிந்திருக்கும் என்று கருதப்படுகிறது. மாற்ற வேண்டியவை இவ்விரண்டும்தான்.

பழைய தந்தங்களை அடியோடு வெட்டி எடுங்கள். தும்பிக்கையை முன்னர் சொன்ன வெந்நீரில் ஒன்றரை நிமிடம் முக்கி, ஒரு பக்கமாகத் திருப்பி ஐஸ் நீரில் பிடியுங்கள். தந்தம் வெட்டிய இடத்தில் 1 மி.மீ. துளை, 8 மி.மீ. ஆழம். உள்ளே 1 மி.மீ. செம்புக் கம்பியை வெளியில் 8 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்குமாறு ஒட்டுங்கள். இரண்டு கம்பிகளும் கிட்டத்தட்ட இணையாக ஓடி, முனையில் மட்டும் இலேசாக மேலே வளையட்டும். குழாய் ஒழுக்கு அடைக்கும் எபோக்சி புட்டியின் இரு பகுதிகளையும் சம அளவில் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, கம்பிமேல் உருட்டிப் பூசுங்கள். அடியில் 6 மி.மீ. தடிமன், முனையில் கூராக. நம் சூட்டில் புட்டி சீக்கிரம் இறுகும் என்பதால் ஒரு தந்தத்துக்குத் தேவையானதை மட்டும் பிசையுங்கள். கையுறை அவசியம். 24 மணி நேரம் கழித்து 400 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள்.

வண்ணம் அக்ரிலிக் மட்டும், தூரிகையால். ஸ்பிரே எனாமல் அடித்தால் பிவிசியின் மென்மையூட்டி அதோடு கலந்து வண்ணம் எத்தனை மாதமானாலும் உலராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். பல நல்ல முயற்சிகள் கடைசிக் கட்டத்தில் இப்படித்தான் பாழாகின்றன. வண்ணம் பூசுமுன் சோப்பு நீரில் கழுவி உலர்த்திவிடுங்கள். மாணவர்களை ஈப்போ ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில் உள்ள புவியியல் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போக முடிந்தால், எந்தப் பாறையிலிருந்து இவையெல்லாம் வந்தன என்று கையில் தொடாத குறையாகத் தெரிந்துகொள்வார்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் வரி உண்டா? பழைய உருவங்கள் கிடைக்குமா?
– ரப்பர் தோட்ட வாசகர்

பதில்: 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளியோ அதற்குக் குறைவாகவோ உள்ள இறக்குமதிப் பொருளை இணையத்தில் வாங்கினால் 10 சதவீத விற்பனை வரி உண்டு. பெரிய தளங்கள் அதைப் பணம் செலுத்தும் இடத்திலேயே கணக்கிட்டு வாங்கிவிடும். பலர் சேர்ந்து வாங்கினால் அஞ்சல் செலவு குறையும். ஆனால் பொட்டலத்தின் மொத்த மதிப்பு 500 வெள்ளியைத் தாண்டினால் சுங்க நடைமுறையே வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

பழையவற்றில் ஸ்டார்லக்ஸ், அமெரிக்காவின் மார்க்ஸ், ஜெர்மனியின் புலிலேண்ட், ஆஸ்திரேலியாவில் சாக்லேட்டுக்குள் வந்த யோவி "லாஸ்ட் கிங்டம்ஸ்" சிற்றுருவங்கள் இன்றும் கைமாறுகின்றன. விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: வயிற்றின் முத்திரை, நான்கு பாதங்கள், தந்தம் அல்லது கொம்பின் முனை, வால். முனை மட்டும் மற்ற இடத்தைவிட வெண்மையாகத் தெரிந்தால் உடைந்து தேய்க்கப்பட்டிருக்கிறது. யோவி உருவங்கள் துண்டு துண்டாக இணைப்பவை. ஒரு துண்டு குறைந்தாலும் ஈடு கிடைப்பது கடினம், எல்லாத் துண்டுகளையும் ஒரே படத்தில் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள்.